ஆயில் ஏறினால் சந்தோஷமா?

குழு: தங்கச்சிமடம் சொந்தங்கள்

மண்டபம் அண்ணன், காலை 6:48
[படம்]
நேற்றிலிருந்து நம் சொகுசு எஸ்யூவி வண்டியில் மஞ்சள் விளக்கு. புகை வடிகட்டி நிறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வருகிறது. நாளை அத்தையைக் கண் ஆபரேஷனுக்கு மதுரை கூட்டிப்போக வேண்டும். மச்சான், பார்த்துச் சொல்.

அத்தை, 6:55
ஆபரேஷன் இல்லையப்பா, செக்கப்தான். ஊரெல்லாம் பரப்பாதே.

மதுரை மச்சான், 7:10
அந்த வடிகட்டிதான் டிபிஎஃப். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் இது வழக்கமாகிவிட்டது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசல் விட்டு, வடிகட்டியை 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரித்துவிடும். அதற்கு ஒரே சீராகப் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். கடைசியாக எப்போது அப்படி ஓட்டினாய்?

மண்டபம் அண்ணன், 7:12
தினமும்தான் ஓட்டுகிறேன்.

அண்ணி, 7:13
மண்டபத்திலிருந்து பாம்பன் வரை. பாலம் தாண்டினால் ஓட்டம் முடிந்தது. நண்டு லோடு ஏறும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து போன். பக்கத்துப் புது ரயில் பாலத்தில் ரயில் வந்துவிட்டால் அதை வேடிக்கை பார்க்கவும் ஒரு நிறுத்தம்.

நான், 7:13
😂😂

மதுரை மச்சான், 7:17
சரி, புரிந்தது. அது எரிக்கத் தொடங்கும், நீ அணைத்துவிடுவாய். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். திரையில் ஆயில் அளவைப் பார். உன் வண்டியில் அளவுக் குச்சி கிடையாது.

மண்டபம் அண்ணன், 7:21
அது நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. பழைய வண்டி வாங்கினோமே, ஆயில் குடிக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போட் மாமா, 7:24
மாப்பிள்ளை, வண்டியை எடுக்காதே. நாம் ஊற்றாமல் ஆயில் ஏறினால் அது சந்தோஷப்படுகிற விஷயமா? போட்டில் இப்படி ஏறினால் ஒன்று தண்ணீர், இல்லை டீசல். தண்ணீர் என்றால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிடும். டீசல் என்றால் நிறம் காட்டிக்கொடுக்காது, ஆளை ஏமாற்றும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடு. அடியில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலில் தேய்த்து, விரலைப் பிரித்துப் பார். நல்ல ஆயில் நூல் இழுக்கும். அப்புறம் மோந்து பார்.

மண்டபம் அண்ணன், 7:33
நூல் வரவில்லை மாமா. வழவழவென்று ஓடுகிறது. கை கழுவியும் டீசல் வாசம் போகவில்லை.

பெரியப்பா, 7:36
[பலமுறை பகிரப்பட்டது] டேங்கில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றினால் கரி எல்லாம் போய்விடும்!!! அனைவருக்கும் பகிரவும் 🙏

போட் மாமா, 7:38
மச்சான், உங்கள் பழைய ஜீப்போடு அந்த வைத்தியம் போயிற்று. இந்த வண்டிக்கு ஊற்றினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் தேயும்.

அண்ணி, 7:41
[வீடியோ]
பாப்பா நேற்று காலை டாட்டா காட்டும்போது எடுத்தது. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு சத்தம் வருகிறது, கேளுங்கள் அண்ணா.

மதுரை மச்சான், 7:50
நான்கு தடவை கேட்டேன். முதல் மூன்று நொடி, டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி. பிறகு அடங்கிவிடுகிறது. இது டைமிங் செயின், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் நீர்த்தால் அழுத்தம் ஏறத் தாமதமாகும், அதுவரை செயின் தளர்ந்து ஆடும். சொகுசு எஸ்யூவிகாரர்கள் பட்டறைக்குக் கொண்டுவருவதில் எனக்குப் பயமே இதுதான். சில மாடல்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் முடிந்தது. கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய் வெடிப்பது, டர்போ ஹோஸ் பிளப்பது எல்லாம் இதற்கு முன்னால் சின்னச் செலவு.

மண்டபம் அண்ணன், 7:54
கம்பெனி சொன்ன கி.மீ. கணக்கில்தானே ஆயில் மாற்றியிருக்கிறது? புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்ததே.

மதுரை மச்சான், 7:56
அந்தக் கணக்கு ஓடுகிற வண்டிக்கு. நின்றுகொண்டே உறுமுகிற வண்டிக்குப் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும்.

போட் மாமா, 7:58
மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் போட் கரையில் நிற்கும்போது, ஆயில் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாங்கள் விட்டுவிடுகிறோமா? ரெக்கவரி வண்டியைக் கூப்பிடு. ராமநாதபுரம் கொண்டுபோய் வடித்து மாற்று.

மண்டபம் அண்ணன், மாலை 4:40
[படம்]
ஏழு லிட்டர் பிடிக்கும் வண்டி. வடிந்தது எட்டே கால். வடிகட்டி பக்கத்து சென்சார் பிளக்கில் வேறு பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது.

போட் மாமா, 4:44
உப்புக் காற்று. கடலுக்கு எந்த வண்டி என்ன விலை என்று தெரியாது.

அத்தை, 4:50
அப்போ நாளைக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்ளவா?

மதுரை மச்சான், 4:53
வேண்டாம்மா. கம்ப்யூட்டரில் கரி அளவு பார்த்தார்களாம், ஓட்டியே எரிக்கலாம் என்கிறார்கள். புது ஆயிலும் ஊற்றியாயிற்று. நீங்கள் வருவதே வண்டிக்கு வைத்தியம். பரமக்குடி தாண்டினால் நான்குவழி. 80-ல் சீராக வரட்டும். நடுவில் டீக்கு நிறுத்தக் கூடாது.

அத்தை, 4:54
டீ இல்லாமல் மதுரையா?

அத்தை, மறுநாள் காலை 8:26
திருப்பாச்சேத்தி டோல் வந்தாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது என்று இவன் கத்துகிறான். காலையில் அந்தச் சில்லறைச் சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டதாம், சொல்லச் சொன்னான்.

மதுரை மச்சான், 8:29
அப்படியென்றால் வண்டி நேரே பட்டறைக்கு. செயினைப் பார்க்காமல் விட மாட்டேன். திரும்பும்போது இரண்டு பேரும் பஸ்.

அத்தை, 8:30
நல்லது. பஸ்காரன் டீக்கு நிறுத்துவான்.