பொங்கலுக்கு முன்னால் கோடியக்கரை: ரெண்டு நாள் போதுமா?

வேளச்சேரி விக்கி:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், ஒரு கார். பொங்கலுக்கு முந்தின வார இறுதியில் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். பிடித்து கோடியக்கரை போகலாம் என்று இருக்கிறோம். வெள்ளி ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை பிச்சாவரம் படகு, மதியம் தரங்கம்பாடி, சாயங்காலம் வேளாங்கண்ணி. ஞாயிறு காலை கோடியக்கரைச் சரணாலயத்தில் மான், பூநாரை (ஃபிளமிங்கோ) பார்த்துவிட்டு, அப்படியே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் முடித்துக்கொண்டு ராத்திரிக்குள் வீடு. இது நண்பன் ஒருவன் போட்ட திட்டம். இன்னொருவனுக்குக் கடலில் குளித்தே ஆகவேண்டும். எனக்குப் பூநாரையைக் கூட்டமாகப் பார்த்தால் போதும். காரைப் பெரும்பாலும் நான்தான் ஓட்டப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடக்கிற காரியமா இது?

ஈ.சி.ஆர். டிரைவர்:

திட்டம் போட்ட நண்பருக்கு டிரைவிங் தெரியாது என்று நினைக்கிறேன். கடலூரைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரத்தை எடுத்து வையுங்கள்.

உப்பளத்துப் பாண்டியன்:

தம்பி விக்கி, நான் கோடியக்கரைக்குப் பக்கத்து ஊரான வேதாரண்யத்துக்காரன். உங்கள் நண்பர் போட்டது டூரிஸ்ட் பஸ் திட்டம். நீங்கள் எல்லாவற்றையும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

சென்னையிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் காட்டுக்குள் போனால் மானுக்குப் பதில் தூக்கம்தான் வரும். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். புதுச்சேரியில் இட்லி, நாகப்பட்டினத்தில் மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கெல்லாம் வேதாரண்யம். பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் அடித்துவிடுங்கள். முத்துப்பேட்டைக்கு ஜாம்புவானோடையில் படகேறி, கோரையாறு வழியாக லகூன் (கடலோர உப்பங்கழி) வரை போய்த் திரும்பவே அரை நாள் ஆகும். அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் செருகுவது வீண் வேலை. அது தனியாக வரவேண்டிய இடம்.

சனிக்கிழமை சாயங்காலம் அகஸ்தியன்பள்ளி உப்பளத்துப் பக்கம் போங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான். நினைவுத் தூண் இருக்கிறது. அந்த நேரத்தில் போன வருஷத்து உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கீற்று மூடிக் கிடக்கும், பாத்திகளில் புது வருஷத்து வேலை தொடங்கியிருக்கும். அப்புறம் கோயில். 'வேதாரண்யம் விளக்கழகு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பர் பதிகம் பாடித் திறந்த கதவை, சம்பந்தர் ஒரே பாட்டில் மூடினார் என்பது எங்கள் ஊர்க் கதை. அப்பர் அதற்காக வருத்தப்பட்டார் என்றும் சொல்வார்கள். எனக்கு எப்போதும் அப்பர் பக்கம்தான்.

ராத்திரி வேதாரண்யத்திலேயே தங்குங்கள். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் யோகம். பெட்ரோலை வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் தண்ணீர், சாப்பாடு எதுவும் கிடைக்காது.

ஞாயிறு விடிந்ததும் வனத்துறை செக்போஸ்டில் நில்லுங்கள். வழிகாட்டி கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. வெளிமான் கூட்டம் புல்வெளியில் இருக்கும். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக நிற்பது கிடா. கொம்பில்லாத வெளிர் பழுப்பு எல்லாம் பெட்டை. காரைப் பார்த்து ஓடாது, காரைவிட்டு இறங்கினால் ஓடும். அதுவும் சும்மா ஓடாது, நாலு காலையும் ஒன்றாகத் தூக்கித் தூக்கிக் குதிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே கதவைத் தட்டுகிற ஆட்கள் உண்டு. நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை என்று நம்புகிறேன்.

இடையில் குதிரை வந்தால் திகைக்கவேண்டாம். மட்டக்குதிரைகள், எப்போதோ மனிதர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். பார்க்க அழகுதான், ஆனால் மான் தின்னும் புல்லைத்தான் அதுவும் தின்கிறது. போதாததற்குச் சீமைக்கருவேலமும் புல்வெளிக்குள் ஏறிக்கொண்டே வருகிறது. மானின் பாடு திண்டாட்டம்தான்.

வேளச்சேரி விக்கி:

பாண்டியன் அண்ணா, பெரிய நன்றி. திட்டக்காரனிடம் காட்டினேன், முகம் தொங்கிவிட்டது. பூநாரையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? குளிக்கிறவனுக்கும் ஒரு பதில் வேண்டும்.

உப்பளத்துப் பாண்டியன்:

பூநாரைக்குத் தனியாகச் சொல்லலாம் என்றுதான் விட்டேன்.

அது காட்டில் இல்லை, சதுப்பில் இருக்கும். வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். முழங்கால் ஆழத்துக்கு மேல் ஏறினாலும் கூட்டம் இடம் மாறிவிடும், வற்றினாலும் மாறிவிடும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். சதுப்புக்குள் போகத் தனி அனுமதி வேண்டும், செக்போஸ்டிலேயே கேளுங்கள். பைனாகுலர் கட்டாயம். இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான்.

கிட்டத்தில் கிடைத்தால் பறக்கவைத்துப் படம் எடுக்கப் பார்க்காதீர்கள், மேய்வதைப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றபடி காலால் சேற்றைக் கலக்கும். கழுத்தை இறக்கி, தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் விட்டு அரித்து எடுக்கும். பொடி இறாலும் பாசியும்தான் சாப்பாடு, அந்தச் சிவப்பும் அதிலிருந்து வருவதுதான். குஞ்சு வயதுப் பறவை சாம்பல் நிறமாக இருக்கும். அதை வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள்.

பூநாரை ஏமாற்றினாலும் சேற்றோரத்தைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவில் ஓடி ஓடிக் கொத்தும், அதுதான் கொசு உள்ளான். ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வந்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. 2002இல் இந்த இடம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததற்கு இந்த மாதிரிப் பொடிசுகளும் காரணம். ஆனால் வருகிறவர்கள் யாரும் இதைப் படம் எடுப்பதில்லை.

குளிக்கிற தம்பிக்கு: கோடியக்கரை அதற்கான கடற்கரையே இல்லை. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேர்கிற முனை, கரையெல்லாம் சேறு. கடல் பார்க்கவேண்டுமானால் காலையில் மீன் இறங்குகிற கரைக்குப் போகச் சொல்லுங்கள். இந்தப் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள். காலா மீன் கிடைத்தால் வாங்கி ஐஸ் போட்டுக் கொண்டுபோகலாம். குளியல் அதைவிட முக்கியம் என்றால் வேளாங்கண்ணியில் இறக்கிவிட்டு, வரும்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.

நாகூர் நிலா:

பாண்டியன் சொன்னதோடு ஒன்று. பழைய படங்களைப் பார்த்துவிட்டுச் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தைத் தேடாதீர்கள். மிச்சம் நின்றதையும் 2004 சுனாமி சாய்த்துவிட்டது, இப்போது வெறும் இடிபாடுதான். காட்டில் மொட்டையாக நிற்கிற மரங்களைப் பார்த்தால் வனத்துறையைத் திட்டவேண்டாம், 2018 நவம்பரில் கஜா புயல் செய்த வேலை அது. அப்போது கடல் இழுத்துப்போன மான்களின் உடல்கள் காரைக்கால் வரைக்கும் கரை ஒதுங்கின.

ராமர் பாதம் ஏறிப் பாருங்கள். மேடு என்றுதான் சொல்லவேண்டும், மலை இல்லை. ஆனால் சுற்றிலும் காடு தெரியும். குரங்குகள் உங்கள் பிஸ்கட் பாக்கெட்டை உங்களுக்கு முன்னால் பார்த்துவிடும், கையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேளச்சேரி விக்கி:

சரி, முடிவு இதுதான். சனி நாலு மணிக்குக் கிளம்புகிறோம், பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் கிடையாது. குளிக்கிறவன் வேளாங்கண்ணியில் இறங்க மாட்டானாம், மீன் வாங்க வருகிறானாம். பைனாகுலர் மட்டும் இன்னும் யாரிடமும் இல்லை. சென்னையில் வாடகைக்குக் கிடைக்குமா?

ஈ.சி.ஆர். டிரைவர்:

என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. தனிச்செய்தியில் வாருங்கள். வாடகை வேண்டாம், எனக்கும் காலா ரெண்டு கிலோ.