அவசரம்: எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றினால் போட்டோ லைப்ரரியைக் காணோம்

மின்மினி: வணக்கம். எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருந்த போட்டோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன். எர்ரர் எதுவும் வரவில்லை. ஆனால் டிஸ்கைக் கழற்றியதும் லைப்ரரியைக் காணோம் என்கிறது. மாட்டினால் எல்லாம் வருகிறது. டிஸ்க் இரவல், நாளைக்குத் திருப்பித் தர வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

சுண்டெலி: மேக்கா, விண்டோஸா? எந்த ஆப்? ஃபோல்டராகக் காப்பி செய்தீர்களா, லைப்ரரியாகவா?

கோடங்கி: கேபிள்தான். ஹப் வழியாக மாட்டியிருந்தால் நேராக மாட்டிப் பாருங்கள்.

சுண்டெலி: கழற்றினால்தானே பிரச்சினை என்கிறார்? கழற்றிய கேபிள் என்ன செய்யும் அண்ணா?

பழையவன்: "லைப்ரரி" என்று சொன்னதுமே மேக் என்று புரிய வேண்டாமா? இதற்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சரி, கேளுங்கள். நீங்கள் காப்பி செய்தது போட்டோஸ் ஆப்புக்குத் தெரியாது. கடைசியாகத் திறந்த லைப்ரரியைத்தான் அது தேடும். ஆப்பை மூடிவிட்டு, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபடி திறங்கள். பட்டியல் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும், பிக்சர்ஸ் ஃபோல்டரில் உள்ளதைப் பார்த்து எடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஜெனரலுக்குப் போய் 'யூஸ் ஆஸ் சிஸ்டம் போட்டோ லைப்ரரி' கொடுங்கள். ஐகிளவுட் போட்டோஸ் (ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பு) அந்த ஒரு லைப்ரரியோடுதான் பேசும்.

மின்மினி: மேக்தான். திறக்கிறது! ஆனால் பழைய படங்கள் நிறைய மங்கலாக இருக்கின்றன. பெரிதாக்கினால் ஒரிஜினல் இல்லை என்கிறது.

கோடங்கி: பார்த்தீர்களா, காப்பி நடுவில் அறுந்திருக்கிறது. நான் சொன்னால் யார் கேட்கிறீர்கள்.

நடுநிசி: டிஸ்கின் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டா? அதில் லைப்ரரி வைத்தால் இப்படித்தான் சொதப்பும்.

பழையவன்: எக்ஸ்ஃபேட்டில் வைக்கக் கூடாது, ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்தான் வேண்டும். அது உண்மை. ஆனால் மாட்டினால் எல்லாப் படமும் சரியாக வருகிறது என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. படித்துவிட்டு எழுதலாம்.

ஒற்றைப்பனை: மின்மினி, போட்டோஸ் செட்டிங்ஸில் 'காப்பி ஐட்டம்ஸ் டு த போட்டோஸ் லைப்ரரி' என்று ஒரு டிக் உண்டு. அது இல்லாமல் இம்போர்ட் செய்த படங்களின் ஒரிஜினல் லைப்ரரிக்குள் வரவே வராது. டிஸ்கில் வேறு ஏதோ ஃபோல்டரில் கிடக்கும்; லைப்ரரி அந்த இடத்தை மட்டும் குறித்து வைத்திருக்கும். டிஸ்கை மறுபடி மாட்டி, புது லைப்ரரியைத் திறந்து, ஒரு ஸ்மார்ட் ஆல்பம் போடுங்கள்: 'போட்டோ', 'இஸ்', 'ரெஃபரன்ஸ்டு'. அதில் வருவதெல்லாம் இந்த ரகம். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் 'கன்சாலிடேட்' கொடுத்தால் உள்ளே வந்துவிடும். உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடுநிசி: எதற்கு இவ்வளவு பாடு? ஐகிளவுட்டிலிருந்து இறக்கினால் போச்சு.

ஒற்றைப்பனை: ரெஃபரன்ஸ்டு படங்கள் ஐகிளவுட்டுக்கு ஏறவே ஏறாது.

பழையவன்: ஏறினாலும் அது பேக்கப் ஆகாது. போனில் ஒன்றை அழித்தால் மேக்கிலும் போய்விடும்.

நடுநிசி: 'ரீசன்ட்லி டெலீட்டட்' 30 நாள் வைத்திருக்கும் சார்.

பழையவன்: அதற்கப்புறம்?

நடுநிசி: உங்கள் டிஸ்க் மட்டும் சாகாவரம் வாங்கி வந்ததா?

பழையவன்: அதனால்தான் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன்.

சுண்டெலி: இரண்டும் ஒரே மேஜையிலா? :)

மின்மினி: கன்சாலிடேட் செய்தேன். கழற்றிப் பார்த்தேன், எல்லாம் வருகிறது. நன்றி. டிஸ்கைக் கொடுக்கக் கிளம்புகிறேன்.

ஒற்றைப்பனை: கொஞ்சம் பொறுங்கள், மேக்கிலேயே உள்ள பேக்கப் வசதியான டைம் மெஷினிலாவது ஒரு பிரதி எடுத்தீர்களா? இப்போது எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒற்றைப்பனை: மின்மினி?

தும்பை: எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் விண்டோஸ். ஆப்ஷன் விசை எங்கே இருக்கிறது?

பழையவன்: தனி இழை போடுங்கள்.