சர்வீஸுக்குக் கொடுத்த ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் கெட்டுத் திரும்பி வந்திருக்கிறது: அதே கடைக்குப் போவதா, வேண்டாமா?

கடிகாரப்பித்தன் (சென்னை)
ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், பின்பக்கம் கண்ணாடி வைத்த மாடல், உள்ளே 1863 என்ற எண்ணுள்ள மெஷின். பத்து வருடமாகச் சர்வீஸே பார்க்காமல் கட்டிக்கொண்டிருந்தேன். தினம் பத்து செகண்ட் பின்தங்க ஆரம்பித்ததும், நண்பர் சொன்ன ஒரு தனிக்கடையில் கொடுத்தேன். ஏழு வாரம், ரூ.18,500. பில்லில் 'முழு சர்வீஸ், மெயின்ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் இறுகி வாட்சை ஓட்டும் சுருள்வில்) மாற்றம்' என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து லூப் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு உள்பக்கம், மூன்று மணிக்கு அருகே முழுசாக ஒரு கைரேகை. பின்கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு ஸ்க்ரூவின் தலை பிய்ந்திருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் போன கோடு. குரோனோ முள்ளை, அதாவது ஸ்டாப்வாட்ச் முள்ளை, ரீசெட் செய்தால் 12ல் நிற்காமல் தாண்டி நிற்கிறது. இப்போது தினம் 40 செகண்ட் பின்தங்கல். போன் ஆப்பில் ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு, 210 டிகிரி. இதெல்லாம்கூடப் போகட்டும், கேட்காமலேயே கேஸுக்கு பாலிஷ் போட்டுவிட்டார்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற லக்கில் முறுக்கிக்கொண்டு இறங்குமே ஒரு கூர்மையான விளிம்பு, அது பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது.

திரும்ப அவரிடமே கொடுப்பதா, அதிகாரபூர்வ சென்டருக்கு எடுத்துப் போவதா?

எச்எம்டி தாத்தா (ஓசூர்)
தம்பி, கோபத்துக்கு முன்னால் சில கேள்வி. அந்த 210, சாவி முழுக்கக் கொடுத்த உடனே எடுத்ததா, ராத்திரி கழற்றி வைக்கும்போது எடுத்ததா? ஆப்பில் லிஃப்ட் ஆங்கிள் எவ்வளவு? அந்த வீச்சைக் கணக்கிட மெஷினுக்கு ஏற்ப வைக்க வேண்டிய கோணம் அது. பல ஆப்கள் 52ல்தான் நிற்கும், இந்த மெஷினுக்கு 50 வைக்க வேண்டும். அப்புறம், குரோனோ முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தப்பி நிற்கிறதா, இடம் மாறி மாறி நிற்கிறதா? ஒரே இடம் என்றால் முள்ளைக் குத்தும்போது கோணலாகக் குத்தியிருக்கிறார்கள், சின்ன வேலை. மாறினால் முள்ளின் குழல் தளர்ந்துவிட்டது. ரீசெட் அமுக்கும்போது உள்ளே இருக்கும் சின்னச் சுத்தியல், முள்ளைத் திருப்புகிற இதய வடிவ கேம் என்ற தகட்டை அடிக்கிற வேகத்துக்குத் தளர்ந்த முள் நழுவிக்கொண்டே போகும்.

என் கருத்து, செய்தவரிடமே போங்கள். இன்னொரு கை பட்டுவிட்டால் 'அவர்தான் கெடுத்தார்' என்று சொல்ல இவருக்கு வழி பிறந்துவிடும்.

நுகர்வோர்புலி (மதுரை)
ஐயா, மன்னிக்கவும். ஸ்க்ரூ தலையைப் பிய்த்தவரிடமே மறுபடி ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கச் சொல்கிறீர்களா? அளவான பிளேடைத் தீட்டி வைத்து வேலை செய்பவர் கையில் அது நடக்காது. கைரேகையோடு மூடியவர் மூடுவதற்கு முன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் சொல்வது இதுதான். எழுத்தில் புகார், பதினைந்து நாள் கெடு, பணம் திரும்ப வேண்டும். பதில் இல்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இங்கே கணக்கு வாட்ச் விலை அல்ல, கொடுத்த 18,500தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சாவிக்காரி (கோவை)
பாலிஷ் போட்டது இவர்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? கொடுக்கும்போது படம் எடுத்தீர்களா? 'வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்பார், அவ்வளவுதான்.

கடிகாரப்பித்தன்
எடுக்கவில்லை. தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது. இந்த வருடம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, குழந்தையை மடியில் பிடித்திருக்கிறேன், அழுகிற முகத்துக்குக் கீழே என் மணிக்கட்டு. பெரிதாக்கினால் லக் விளிம்பு கத்தி மாதிரித் தெரிகிறது. கடையில் கொடுத்த தேதிக்குப் பத்து நாள் முன்னால்தான்.

தாத்தா கேட்டதற்கு: அந்த 210 ராத்திரி எடுத்தது. ஆப்பில் 52தான் இருந்தது. இப்போது 50 வைத்து, முழுக்கச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க எடுத்தேன், 224. முள் ஒரே இடத்தில்தான் தப்பி நிற்கிறது, இரண்டு செகண்ட் தள்ளி.

எச்எம்டி தாத்தா
முள் பிழைத்தது. ஆனால் சர்வீஸ் முடிந்த கையோடு 224 என்பதை என்னாலேயே ஒத்துக்கொள்ள முடியாது. 270 பக்கம் இருக்க வேண்டும். பிரித்துக் கழுவாமல், பழைய பிசுக்கு மேலேயே எண்ணெய் விட்டால் இப்படித்தான் வரும். வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கு ஒரு எண்ணெய், சக்கரப் பல்லைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் கல்லுக்கு வேறொன்று, மெயின்ஸ்பிரிங் பக்கத்துக்குக் கெட்டியானது. ஒரே சீசாவை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் தொடுபவர்கள் இருக்கிறார்கள்.

மெயின்ஸ்பிரிங் மாற்றியதாகப் பில்லில் இருக்கிறதே, பழையதைக் கொடுத்தாரா? கேளுங்கள். இந்த பிராண்டுகள் தனிக்கடைகளுக்குப் பாகம் கொடுப்பதை எப்போதோ இறுக்கிவிட்டன. ஐரோப்பாவில் தனி ரிப்பேர்காரர்கள் சங்கமே இதை எதிர்த்துப் போராடி 2017ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் தோற்றது. அதனால் ஒரிஜினல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த நெருக்கடியிலும் நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

நுகர்வோர்புலி
நீங்களே கழுவவில்லை என்கிறீர்கள், நீங்களே பாகம் சந்தேகம் என்கிறீர்கள், இன்னும் அவரிடமே போ என்கிறீர்கள்!

எச்எம்டி தாத்தா
ஆமாம். எதிரில் உட்கார்ந்து, வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷினில் வைக்கச் சொல்லுங்கள் என்கிறேன். ஆணையத்துக்குப் போனால் முதல் கேள்வி 'நிபுணர் கருத்து எங்கே?' என்பதுதான். அதற்கு யாராவது பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிரித்த பிறகு எந்தக் கீறல் யாருடையது என்று சண்டை.

நுகர்வோர்புலி
அதற்குத்தான் பின்கண்ணாடி இருக்கிறதே! திறக்காமலேயே ஸ்க்ரூவைப் படம் எடுக்கலாம். சென்டரில் திறக்காமல் பார்த்து எழுத்தில் எஸ்டிமேட் கொடுக்கச் சொன்னால் அதுவே ஒரு ஆதாரம்.

சாவிக்காரி
புலி, சென்டர் என்றால் கோயில் மாதிரிப் பேசுகிறீர்கள். வேறொரு பிராண்டின் அதிகாரபூர்வ சென்டரில் என் அப்பாவின் வாட்சைக் கொடுத்தேன். மங்கிப்போன முட்களை எடுத்துவிட்டுப் பளபளவென்று புதுசு போட்டுக் கொடுத்தார்கள். கேட்டால் 'அதுதான் எங்கள் வழக்கம்' என்றார்கள். அழுதேவிட்டேன். எங்கே கொடுத்தாலும் 'பாலிஷ் வேண்டாம், பழைய பாகம் திருப்பித் தர வேண்டும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

கடிகாரப்பித்தன் (மூன்று வாரம் கழித்து)
தாத்தா சொன்னபடி போனேன். கோபப்படவில்லை. டைமிங் மெஷினில் வைக்கச் சொன்னேன். 221. அவர் முகம் மாறிவிட்டது. காதுகுத்துப் படத்தைக் காட்டியதும், வேலை செய்தது தான் அல்ல, புதிதாகச் சேர்ந்த பையன் என்றார். பழைய மெயின்ஸ்பிரிங்கைக் கேட்டேன். கொஞ்சநேரம் டிராயரைக் கிளறிவிட்டு, மாற்றவில்லை என்று ஒத்துக்கொண்டார். 10,000 திருப்பிக் கொடுத்தார். என் முன்னாலேயே பிரித்தார், முழுக்கக் கழுவி மாட்ட நாலு நாள் எடுத்துக்கொண்டார், இந்த முறை அவரே. இப்போது 268, தினம் நாலு செகண்ட் முந்துகிறது. முள் 12ல் நிற்கிறது. பிய்ந்த ஸ்க்ரூ இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன, மாற்ற அவரிடம் இல்லை.

எச்எம்டி தாத்தா
268 போதும். கையில் கட்டுங்கள்.

சாவிக்காரி
லக்?

கடிகாரப்பித்தன்
போன உலோகம் போனதுதானே. லேசரில் வெல்டிங் வைத்து மறுபடி விளிம்பு வெட்டித் தருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். இப்போதைக்குத் தெம்பு இல்லை.

நுகர்வோர்புலி
10,000 கொடுக்கும்போது எதிலாவது கையெழுத்து வாங்கினாரா?

கடிகாரப்பித்தன்
பில்லின் பின்பக்கம் 'கணக்கு முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நுகர்வோர்புலி
ஐயோ. பரவாயில்லை, அந்தப் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், வாசகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்.

கடிகாரப்பித்தன்
பில்லை அவரே வைத்துக்கொண்டார்.