அமுங்கிய பதற்றம்: ஒரு பரிந்துரை

> 'அடக்கப்பட்ட பதற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

ஆளுக்கே தெரியாமல் உள்ளே அமுங்கிக் கிடக்கும் பயத்துக்கு (ஆங்கிலத்தில் repressed anxiety) நம் பாடப் புத்தகத்தில் என்ன சொல் வைப்பது என்பதுதானே கேள்வி? 'அடக்கப்பட்ட' வேண்டாம் என்பேன். பயத்தை வெளிக்காட்டக் கூடாதென்று தெரிந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்தான் அடக்குகிறார். நாம் பேசுவது ஆளுக்கே தெரியாமல் நடப்பது. நினைவுக்கு வரவிடாமல் விலக்கி வைப்பதே இதன் சாரம் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டு 1915இலேயே எழுதிவிட்டார். 'அடக்கிய' என்றால் அடக்கியவர் ஒருவர் வேண்டும். 'அமுங்கிய' என்றால் வேண்டாம். தன்வினை இருக்கும்போது அதை விடுவானேன்? 'அமுங்கிய பதற்றம்' என் பரிந்துரை.

பதற்றம் வெளியே தெரிவது, உள்ளே இருப்பது கலக்கம்தானே என்று அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் வார்டில் பாருங்கள். ஒருவருக்கு மறுநாள் ஆபரேஷன். "எனக்கென்ன பயம்?" என்று சிரிக்கிறார். உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டிருக்கிறது, நாடி 110, வந்து போகிற சிஸ்டரிடமெல்லாம் "டிஸ்சார்ஜ் எப்போ?" என்ற ஒரே கேள்வி. வாய்தான் மறுக்கிறது, உடம்பு பதறுகிறதே! வைன்பர்கர், ஷ்வார்ட்ஸ், டேவிட்சன் என்ற உளவியலாளர் மூவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: பதற்றமே இல்லை என்று சொன்னவர்களில் ஒரு சாராருக்கு இதயத் துடிப்பும் நெற்றித் தசை இறுக்கமும் கூடியிருந்தன. ஆகவே பதற்றமே இருக்கட்டும்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் இன்னொரு சங்கடம். மலையாளத்தில் பயத்துக்குப் 'பேடி' என்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்து படுத்திருக்கும் பெரியவரிடம் புது நர்ஸ் "பேடி உண்டோ?" என்று கேட்டால், இருக்கிற கொஞ்சநஞ்சப் பயத்தையும் அவர் ஒத்துக்கொள்வாரா? "ராத்திரி தூக்கம் எப்படி, நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று டாக்டர் சொன்னாரா" என்று கேட்டால் தானாகப் பேச்சு வரும். வராவிட்டால் தோண்டக் கூடாது. அந்த மறைப்புதான் அன்றைக்கு அவரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

சொல்லின் விளக்கத்தோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். நாடி கூடினால் முதலில் வலி, காய்ச்சல், இரத்தக் கசிவு, சர்க்கரைக் குறைவு எல்லாம் பார்த்தாக வேண்டும். அப்புறமும் சார்ட்டில் 'அமுங்கிய பதற்றம்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உள்ளங்கை வேர்வை, நாடி 110, பயமில்லை என்கிறார்: கண்டதும் கேட்டதும் போதும். சொல் பாடப் புத்தகத்துக்கு.

மறுப்பிருந்தால் எழுதுங்கள்.