பிளாங்க் பிஸ்டலை வைத்து கேமுக்குச் சத்தம் பதிவு செய்தவர்கள்: எதை எடுத்தீர்கள், பதிவில் என்ன வந்தது?

முதல் பதிவு

கல்குவாரியில் பதிவு. இரண்டு பிளாங்க் பிஸ்டல்கள் (குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள தோட்டாவைச் சுடுபவை): 8 மி.மீ. ஒன்று, 9 மி.மீ. பி.ஏ.கே. (பிளாங்க் பிஸ்டலுக்கான தோட்டா வகை) ஒன்று. இரண்டுமே குழல் அடைக்கப்பட்டு, மேல்பக்கத் துளை வழியாக வாயு வெளியேறும் வகை. மைக் எல்லாம் வழக்கம்போலத்தான்: குழலுக்குப் பக்கவாட்டில் ஒரு டைனமிக் (பெரும் சத்தத்தைத் தாங்கும் வகை மைக்), சுடுபவரின் தலைக்குப் பின்னால் ஒன்று, தூரத்தில் ஒரு ஸ்டீரியோ ஜோடி. பெரிய தோட்டா ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நேரில் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது. 9 நெஞ்சில் இடித்தது, 8 காதைக் கிள்ளியது, அவ்வளவுதான்.

இன்றுவரை மனதை விட்டுப் போகாதது ஸ்டுடியோவில் நடந்தது. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் கேமுக்குள் போட்டு குழுவின் லீடிடம் (தலைவரிடம்) கொடுத்தேன். ஒரு மேகசினைக் காலி செய்தார், மாற்றினார், இன்னொன்றையும் காலி செய்தார். ஹெட்போனைக் கழற்றாமலே திரையைத் தொட்டு, "இதுதான் சுடுது, அது வெடிக்குது" என்றார். சுட்டது 8 மி.மீ.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. 9-இன் அடிப்பகுதி, பின்னணி இசையோடும் குண்டுவெடிப்பு லேயரோடும் (அடுக்காகச் சேர்த்த ஒலியோடும்) மோதிக் கலங்கிப்போனது. 8-இல் முதல் அடி குட்டையாக, கூர்மையாக முடிந்துவிட்டதால், பின்னால் வந்த பாறை எதிரொலி தனியாகத் தெரிந்தது. கனம் வேண்டுமென்றால் அடியில் வேறு ஒரு லேயர் சேர்த்துக்கொள்ளலாம். கலங்கிய ஒலியை எப்படித் தெளிய வைப்பது?

தோட்டா அளவைப் பார்த்து எடுத்து, பதிவில் வேறு ஒன்று ஜெயித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்.

பதில் 1

ரிவால்வர். எனக்கு வேறு பதில் இல்லை.

ஆட்டோமேட்டிக்கில் சுட்டவுடன் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே நகரும் உலோகப் பகுதி) பின்னால் போய் முன்னால் வந்து மோதும். இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். வெடிச்சத்தத்தின் வால் மேலேயே அந்த உலோகச் சத்தம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிரிக்கவே முடியாது. ரிவால்வரில் சுட்ட பிறகு எதுவும் நகராது. சத்தம், வால், அமைதி. லேயர் போடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நான் எழுத வந்தது வெடிச்சத்தத்தைப் பற்றி இல்லை. பதிவு முடிந்து எல்லோரும் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் காலி என்று இருவர் சரிபார்த்த பிறகு, சுடுபவர் கட்டைவிரலால் ஹேமரை (தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியை) மெதுவாகப் பின்னால் இழுத்தார். ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு சின்ன க்ளிக், சிலிண்டர் சுழலும் உரசல், அது பூட்டிக்கொள்ளும் இன்னொரு க்ளிக். அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று எடுத்த சுடும் சத்தங்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இந்த ஹேமர் சத்தம் அப்படியே கேமில் இருக்கிறது, ஈக்யூகூட (ஒலியின் அடி, மேல் அளவுகளைத் திருத்துவது) செய்யவில்லை.

பதில் 2

பதில் 1-க்கு மறுப்பு. கேமில் வருவது ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால் ரிவால்வரின் சுத்தமான சத்தம் எதற்கு? தொடர்ந்து சுடும்போது கையில் துப்பாக்கி உயிரோடு இருப்பதாகத் தோன்றுவதே அந்த ஸ்லைடால்தான். வெடிச்சத்தத்தோடு கலந்த ஸ்லைடு வேறு, தனியாகப் பதிந்து மேலே ஒட்டிய ஸ்லைடு வேறு. காது கண்டுபிடித்துவிடும்.

என் அனுபவம் சின்னது. அச்சு அசல் ராணுவப் பிஸ்டல் மாதிரியே இருந்த ஒரு 9 மி.மீ. பி.ஏ.கே.யை எடுத்தோம். கையில் கனமாக, அழகாக இருந்தது. ஸ்லைடை இழுத்து விட்டபோது தகர டப்பாவை மூடியது போல ஒரு சத்தம். எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. பிளாங்க் பிஸ்டல்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை, எஃகின் கணீர் அதில் வராது. அதனால் எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லைடை இழுத்துக் கேளுங்கள். தோற்றம் ஒலிப்பதிவுக்கு ஒரு பைசாவுக்கும் உதவாது. துப்பாக்கியைக் கையாளும் சத்தங்களுக்கு எஃகு ஸ்லைடு போட்ட ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) எடுத்தால் இன்னும் நன்றாக வரும்.

இங்கே யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மிகப் பெரிய சத்தத்தையும் வெட்டாமல் பதியும் கருவி) இருக்கிறது, கெயினைப் (பதிவு அளவைப்) பற்றிக் கவலையில்லை" என்ற பேச்சை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். ரெக்கார்டர் தாங்கும், மைக் தாங்க வேண்டாமா? பல கண்டென்சர் மைக்குகள் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) 130 முதல் 140 டெசிபலிலேயே கைவிட்டுவிடும். கைத்துப்பாக்கியின் உச்சம் பக்கத்தில் 150-ஐத் தாண்டும். மைக்குக்குள்ளேயே நசுங்கிய அலையை எந்த ஃப்ளோட்டும் மீட்டுத் தராது. திரையில் மீட்டர் சிவப்பைத் தொட்டே இருக்காது, ஆனால் அலையின் தலை தட்டையாக இருக்கும். அப்படிப் பார்த்தால் குற்றம் மைக்கில்தான்.

பக்கத்தில் வைக்க எஸ்.எம். 57 மாதிரி டைனமிக் போதும். சின்னதாக ஒளித்து வைக்க வேண்டுமென்றால் டி.பி.ஏ. 4062 மாதிரி உணர்திறன் குறைத்த லாவலியர் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்) 154 டெசிபல்வரை தாங்கும். எதுவும் இல்லையென்றால் மைக்கைப் பின்னால் நகர்த்துங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி விகிதத்துக்குக் கீழே பதியாதீர்கள். சுருதியைப் பாதியாக இறக்கிப் பெரிய துப்பாக்கியாக்கும்போது அந்த மேல்பகுதிதான் காப்பாற்றும்.

மேல்பக்கத் துளை வகை என்றால் குழலுக்கு முன்னால் மைக் வைப்பதில் பொருளே இல்லை. வாயு மேலே போகிறது, ஒலியும் அங்கேதான் பலம். ஆனால் நேர் மேலே வைத்தால் வாயுவின் வேகமே மைக்கை அறைந்துவிடும், சற்றுச் சரிவாகத் தள்ளி வையுங்கள்.

பதில் 3

துப்பாக்கிச் சத்தமே எனக்குத் தேவைப்படவில்லை. மாடிப்படிக் கூண்டின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரு இடம் எப்படி எதிரொலிக்கிறது என்ற பதிவு) எடுக்க .22 ஸ்டார்ட்டர் பிஸ்டலோடு போனேன்.

தனியாகக் கேட்டால் ஒல்லியான, வறண்ட ஒரு டப். கூண்டின் அடித்தளத்தில் அதே டப்பைச் சுட்டதும் கட்டடம் முழுக்க எழுந்து மேலே போய்த் திரும்பி இறங்கியது. கடைசித் துளி அடங்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை. அந்த வாலை வெட்டி மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ளரங்க ஒலியாகப் போட்டேன். முதல் பதிவில் நண்பர் சொன்னதுதான் சரி: சின்னது சீக்கிரம் முடிகிறது, இடம் பேசத் தொடங்குகிறது.

பலூனும் உடைத்துப் பார்த்தேன். அதற்குச் சக்தி போதவில்லை, ஒவ்வொன்றும் வேறுமாதிரி உடைந்தது.

பதில் 4

எதை எடுப்பது என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். காதைப் பற்றி யாராவது ஒருவர் எழுதுவார் என்று கீழேவரை வந்தேன்.

எங்கள் குழுவில் பூம் (மைக் மாட்டிய நீளக் கோல்) பிடித்த பையன், கிளாப்பில் எண் சொல்வது கேட்கவில்லை என்று மஃபின் (காதை மூடும் கவசத்தின்) ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினான். அதே நேரத்தில் சுடுபவர் சுட்டுவிட்டார். பையன் கத்தவில்லை. பூமைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இன்றும் அமைதியான அறையில் அந்தக் காதில் விசில் கேட்கிறது என்கிறான்.

140 டெசிபல் உச்சத்தை ஒரே ஒரு முறை கேட்டாலே செவிக்கு நிரந்தரச் சேதம் வரலாம். "வெறும் பிளாங்க்தானே" என்பது செல்லாது. காதுக்குள்ளே நுரைச் செருகி, மேலே மஃப், இரண்டும் வேண்டும். எலக்ட்ரானிக் மஃப் இருந்தால் பேச்சும் கேட்கும், யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். சுடுவதற்கு முன் ஒருவர் மட்டும் சத்தமாக எண்ண வேண்டும், மற்றவர்கள் கை உயர்த்திக் காட்ட வேண்டும்.

குண்டு இல்லை என்பதற்காக யாரை நோக்கியும் நீட்டாதீர்கள். 1984-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்பு இடைவேளையில் பிளாங்க் போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். பிளாங்கிலிருந்து வாயுவும் தோட்டாவின் அடைப்பும் வந்த வேகமே மண்டையோட்டை உடைத்தது. சில நாட்களில் இறந்துபோனார். மேல்பக்கத் துளை வகையிலும் அதே வாயு, திசைதான் வேறு. சுடுபவர் தலைக்கு மேலே பூமோடு கையை நீட்டுகிறவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

உள்ளரங்கில் சுட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில்) பெரும்பாலும் ஈயம் உண்டு, புகையோடு அதுவும் உள்ளே போகும். காவல் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தை இன்றைய தேதிக்குப் பாருங்கள், பழைய வீடியோவை நம்ப வேண்டாம். பிரிட்டனில் தாராளமாக விற்ற சில மேல்பக்கத் துளை மாடல்களை உண்மைத் துப்பாக்கியாக மாற்ற முடிகிறது என்று கண்டு, 2025 பிப்ரவரியில் போலீஸிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். உரிமம் உள்ள ஆயுதப் பொறுப்பாளரை வாடகைத் துப்பாக்கியோடு கூப்பிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எதை எடுப்பது என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார்.

பதில் 5

பதில் 4 சொன்ன ஆயுதப் பொறுப்பாளரை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ஒலிக்கு எது என்பதை அவரிடம் விடாதீர்கள். அவர் கேமராவுக்கு எது நன்றாகப் புகையும், எது நெருப்புக் காட்டும் என்று பார்த்துப் பழகியவர். எங்களுக்கு வந்தவர் கறுப்பு மருந்துத் தோட்டாதான் கம்பீரம் என்று அதையே கொண்டுவந்தார். புகை அருமை. ஆனால் சத்தம் மொத்தையாக இருந்தது, கொஞ்ச நேரத்திலேயே கரி படிந்து ஸ்லைடு பாதியில் நின்றது.

அப்படி நின்ற ஒரு சத்தம்தான் என் கதை. தோட்டா வெடித்தது, ஸ்லைடு பாதிவரை வந்து நசுங்கி நின்றது. ஒரு முனகல் மாதிரி உலோகச் சத்தம். துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் அனிமேஷனுக்காக நாட்கணக்கில் செயற்கையாகத் தேடிக்கொண்டிருந்தோம், அது தானாக வந்து விழுந்தது. அதனால் சிக்கினால் பதிவை நிறுத்தாதீர்கள். குழலைத் தரைப்பக்கம் காட்டி, சரிசெய்யும் சத்தம் முழுவதையும் பதியுங்கள்.

பதில் 6 (முதல் பதிவு எழுதியவர்)

எல்லாவற்றையும் படித்தேன். பதில் 2-க்கு ஒரு விஷயம். நிஜ 9 மி.மீ. தோட்டா பெரும்பாலும் ஒலியை விட வேகமாகப் போகும், அதனால் குண்டுக்கென்று தனியாக ஒரு சாட்டைச் சத்தம் உண்டு. பிளாங்கில் குண்டே இல்லை, அது வராது. .45 ஏ.சி.பி. ஒலியை விட மெதுவாகப் போவது, அதில் அந்தச் சாட்டையே கிடையாது. ஆகவே கேமில் இருப்பது .45 என்றால் பிளாங்க் பதிவு ஓரளவு நேராகப் பொருந்தும், 9 என்றால் சாட்டையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எங்கள் கேமில் இருந்தது .45. லீட் 8-ஐத் தேர்ந்தெடுத்ததில் இதற்கும் பங்கு இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 3 நண்பருக்கு: குவாரிச் சுவர் எங்களுக்கு ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி இருந்தது, முதல் எதிரொலி 0.35 நொடி கழித்து வந்தது. வேகமாகச் சுடும்போது அது அடுத்த குண்டின் மேல் விழுகிறது. வாலை மட்டும் தனிக் கோப்பாக்கி, சுடுவது நின்றதும் ஒலிக்கும்படி எஃப்மோடில் (கேம் ஒலிக்கான மென்பொருளில்) கட்டியிருக்கிறேன். படிக்கூண்டு வாலையும் அப்படித்தான் கட்டினீர்களா, இல்லை ஒவ்வொரு குண்டுக்கும் ஒலிக்கிறதா?