‘ப்ளூ ட்ரெய்ன்’ இசைத்தட்டு: எந்தக் காலத்து அச்சு?

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’, ப்ளூ நோட் நிறுவனத்தின் 1577ஆம் எண் தட்டு, மோனோ. போன வாரம் மன்ஹாட்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் வாங்கினேன். 1966க்கு முந்தைய அச்சு என்று சொல்லி விலை போட்டார்கள். சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்றுதான் இருக்கிறது. ஆனால் ப்ளூ நோட் கைமாறிய பிறகு, அதை வாங்கிய லிபர்ட்டி நிறுவனத்துக்காரர்கள் மிச்சமிருந்த பழைய லேபிள்களையும் பயன்படுத்தினார்கள், அதனால் அதை நம்ப முடியாது. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் ஆர்விஜி முத்திரை பளிச்சென்று தெரிகிறது. லிபர்ட்டி வருவதற்கு முன்பு ப்ளூ நோட் தட்டுகளை அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் காது வடிவக் குறியைத்தான் காணோம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, இரண்டு பக்கமும் தேடிவிட்டேன். இணையத்தில் கிடைத்த படங்களோடு ஒப்பிட்டதில் தலைவலிதான் மிச்சம். இதில் வாசித்திருக்கும் லீ மார்கனின் டிரம்பெட் என்னவோ பிரமாதமாகக் கேட்கிறது, சரி, அது வேறு விஷயம்.

காதுக் குறி இல்லாமலே பிளாஸ்டிலைட்டில் அச்சான 1577 பிரதியை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?