ஒரே ஒரு அரியர் இருந்தா டிஸ்டிங்ஷன் கிடையாதா? கறார்வாத்திக்கு என் பதில்

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
நேத்து இன்னொரு திரியில கறார்வாத்தி போற போக்குல ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கார். "அரியர் வச்சவன் அப்புறம் ஒன்பது எடுத்தாலும் பத்து எடுத்தாலும் டிஸ்டிங்ஷன்னு வாயைத் திறக்கக் கூடாது, அது முதல் தடவையிலேயே பாஸ் பண்ணவங்களுக்கான மரியாதை"ன்னு. படிச்சதுலேருந்து எனக்கு தூக்கமே வரல. நான் எட்டு செமஸ்டர் முடிச்சு பத்துக்கு 9.1 சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) வாங்கினவன், முதல் செமஸ்டர்ல எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ்ங்கிற வரைபடப் பேப்பர் மட்டும் ஃபெயிலாகி அரியர் ஆச்சு, பரீட்சை அன்னைக்கு உடம்பு அனலா கொதிச்சுது, பாதி ஷீட்டோட எழுந்து வந்துட்டேன், மறுநாள் காலையில பாத்தா உடம்பெல்லாம் அம்மை. அடுத்த செமஸ்டர்லயே எழுதி நல்ல கிரேட்ல பாஸ். ஆனா டிகிரியில வெறும் ஃபர்ஸ்ட் கிளாஸ். என் கிளாஸ்ல 8.5 எடுத்தவன் பேருக்குப் பக்கத்துல டிஸ்டிங்ஷன். இது நியாயமான்னு வாத்தி இங்க வந்து சொல்லட்டும்.

கறார்வாத்தி:
வந்துட்டேன். நியாயம்தான். விதி சேரும்போதே எல்லார் கையிலயும் இருக்கு. அண்ணா பல்கலைக்கழக விதியையே எடுத்துக்கோங்க, 8.50க்கு குறையாத சிஜிபிஏ, எல்லா பேப்பரும் முதல் அப்பியரன்ஸ்லயே பாஸ், வருகைப்பதிவு பத்தலைன்னு எந்த பேப்பர்லயும் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது. மூணும் சேந்தாதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். உங்ககிட்ட ஒண்ணு இல்ல. இதுல தூக்கம் கெட என்ன இருக்கு? உடம்பு சரியில்லன்னா வித்ட்ராயல், அதாவது இந்தப் பரீட்சை இப்போ எழுதலன்னு மனு, போட்டிருக்கணும். வித்ட்ராயல் போட்டா அது அப்பியரன்ஸ் கணக்குலயே வராது, டிஸ்டிங்ஷனும் போகாது. விதி உங்களுக்காக ஒரு கதவைத் திறந்துதான் வச்சிருக்கு, நீங்க போகல.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
எங்க யூனிவர்சிட்டியிலயும் கிட்டத்தட்ட இதே விதிதான். ஆனா ஹால்ல உக்காந்து எழுத ஆரம்பிச்ச பேப்பருக்கு எப்படி சார் வித்ட்ராயல் போடுறது? அம்மைன்னு தெரிஞ்சதே மறுநாள்.

விதிப்புத்தகம்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. டிஸ்டிங்ஷன் வேற, ஹானர்ஸ் வேற. வாத்தி நேத்து எழுதினது "ஹானர்ஸோட முடிக்கிறது எப்படி"ன்னு ஒரு பையன் கேட்ட திரியில. இன்ஜினியரிங்ல ஹானர்ஸ்னா கூடுதலா பேப்பர் எடுத்துப் படிக்கணும், அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்ல அது 18 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பரோட பாட அளவுக்கும் தர்ற புள்ளி). ஆர்ட்ஸ் சயின்ஸ்ல யூஜிசி 2022 டிசம்பர்ல கொண்டு வந்த முறையில மூணு வருஷம் 120 கிரெடிட்னா சாதா டிகிரி, நாலாவது வருஷமும் படிச்சு 160 ஆனா ஹானர்ஸ். அதுலயே ஆராய்ச்சியோட ஹானர்ஸ் வேணும்னா முதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் இருக்கணும். நீங்க எதைப் பத்தி சண்டை போடுறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
அண்ணே அதெல்லாம் சரி, எனக்கு ஒரே கேள்விதான். எழுத ஆரம்பிச்ச பேப்பருக்கு வித்ட்ராயல் எப்படிப் போடுறது?

மெக்கானிக்கல்மாமா:
தம்பி சொல்றதுல தப்பே இல்ல. எங்க செட்ல கிராஃபிக்ஸ்ல ஃபெயிலாகி கப் வாங்காதவனே கம்மி. பள்ளிக்கூடத்துல ஒரு கோடு ஒழுங்கா போடாதவனை கொண்டு வந்து முதல் செமஸ்டர்லயே கூம்பை வெட்டு, உருளையை விரின்னா எப்படி. அந்த ஒரு பேப்பரால நாலு வருஷ உழைப்பு போகணுமா?

கறார்வாத்தி:
மாமா, உங்க செட்ல எல்லாரும் கோட்டை விட்டா அது பேப்பரோட தப்பா? இருபது வருஷமா அதே கிராஃபிக்ஸ் நான் நடத்துறேன். தினமும் ஒரு ஷீட் போட்டவன் யாரும் ஃபெயில் ஆனதில்ல. முதல் தடவையில பாஸ் பண்றதுக்கும், கேள்வி எப்படி வரும்னு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து ரெண்டாவது தடவை பாஸ் பண்றதுக்கும் வித்தியாசம் இல்லைங்கிறீங்களா? அந்த வித்தியாசத்தைத்தான் டிஸ்டிங்ஷன்ங்கிறோம்.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
நான் கேள்வி எப்படி வரும்னு பாக்கப் போகல சார், அம்மையோட போனேன். ஒரு செமஸ்டர்ல நடந்த ஒரு மூணு மணி நேரத்தை வச்சு மிச்ச ஏழு செமஸ்டரையும் ஒண்ணுமில்லாம ஆக்குறதுதான் இந்த விதி. 8.5ல ஒட்டிக்கிட்டு இருக்கிறவன் நல்ல மாணவன், 9.1 எடுத்தவன் கேள்வி பாக்கப் போனவன், அப்படித்தானே. ஆறாவது செமஸ்டர்ல நான் எடுத்த ஜிபிஏ 9.6. அது யாருக்கும் வேண்டாம். கிராஃபிக்ஸ்தான் வேணும்.

யாழ்த்தென்றல்:
எங்கட பக்கம் இப்பிடி ஒரேயடியா கதவைச் சாத்திறேல்ல. இலங்கையில பெரும்பாலும் ரிப்பீட் எழுதினா ஆகக்கூடினது சி கிரேட்தான் தருவினம், எவ்வளவு நல்லா எழுதினாலும் அதுக்கு மேல இல்ல. அந்தச் சி ஜிபிஏயை இழுத்துப்போடும், அதுவே தண்டனை. பிறகும் உரிய காலத்துக்குள்ள முடிச்சு நாலுக்கு 3.70 வந்துதெண்டா ஃபர்ஸ்ட் கிளாஸ், 3.30க்கு மேல செகண்ட் அப்பர். அப்பிடி ஒரு முறை இருந்தா இந்தச் சண்டையே இல்லையே.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
அக்கா, இதத்தான் நானும் சொல்ல வரேன். கிரேடைக் குறைச்சுக்கோ, ஒத்துக்கிறேன். சி போட்டாலும் எனக்கு 8.5க்கு மேலதான் நிக்கும், கணக்கு போட்டுப் பாத்துட்டேன். பிரிட்டன்லயும் பல இடத்துல திரும்ப எழுதினா 40 மார்க்தான் மேல்வரம்பு, பாஸ் மார்க் மட்டும். அங்க 70 வந்தா ஃபர்ஸ்ட். நம்ம ஊர்ல மட்டும் தான் ஒரு தடவை கால் தடுக்கினா காலையே எடுத்துடுவாங்க.

கறார்வாத்தி:
வெளிநாட்டுக் கதை ஆரம்பிச்சாச்சா. சரி நானும் சொல்றேன். ஹார்வர்டுல 2001ல பட்டம் வாங்கினவங்கள்ல 91 சதவீதம் பேர் ஹானர்ஸ். நூத்துக்கு 91 பேருக்கு சிறப்புன்னா அதுல என்ன சிறப்பு? அப்புறம் அவங்களே வெக்கப்பட்டு 60 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டு போட்டாங்க. தளர்த்தினா அங்கதான் போய் நிக்கும்.

மெக்கானிக்கல்மாமா:
60ன்னா பாதிக்கு மேல! அதுவும் கட்டுப்பாடா? அப்போ தம்பிக்கு கொடுத்தா என்ன குடி முழுகிடும்?

ஈரோட்டுக்காரி:
ஆள் எடுக்கிற வேலையில இருக்கேன், அதனால சொல்றேன். டிஸ்டிங்ஷனை யாரும் தனியா பாக்கிறதில்ல. சிஜிபிஏ எவ்வளவு, இன்னும் முடிக்காத ஸ்டாண்டிங் அரியர் இருக்கா, சில இடத்துல முன்னாடி எப்பவாவது அரியர் இருந்துதாங்கிற ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ், அவ்வளவுதான். ஆனா வாத்தி, ஒண்ணு கேக்கணும். அட்டானமஸ் காலேஜ்ல கொஸ்டின் பேப்பரும் அவங்களே, திருத்துறதும் அவங்களே, இன்டர்னல் மார்க்கும் அவங்களே. அங்க முதல் தடவை பாஸ் பண்றதும் யூனிவர்சிட்டி பேப்பர் எழுதி பாஸ் பண்றதும் ஒண்ணா? அந்த மரியாதையை எந்தத் தராசுல நிறுக்குறீங்க?

கறார்வாத்தி:
நான் அட்டானமஸ் காலேஜ்லதான் வேலை பாக்கிறேன். நாங்க மார்க்கை அள்ளி வீசுறோம்னு சொல்ற மாதிரி இருக்கு. கேள்வித்தாள் வெளியிலேருந்து வரவழைச்சு, பேப்பர் திருத்த வெளி ஆள் வந்து உக்காந்து, ராத்திரி வரைக்கும் மதிப்பெண் சரிபார்த்துட்டு வீட்டுக்குப் போறவன் நான். தெரியாம பேசாதீங்கம்மா.

ஈரோட்டுக்காரி:
உங்களைச் சொல்லல சார், பொதுவாத்தான் சொன்னேன். ஆனா உங்களுக்கு ஏன் இவ்வளவு சுருக்குன்னு பட்டுது?

விதிப்புத்தகம்:
மறுபடியும் சொல்றேன், அந்தப் பையன் கேட்டது ஹானர்ஸ். கூடுதல் 18 கிரெடிட். யாராவது அவனுக்கு பதில் சொல்லுங்கப்பா.

மெக்கானிக்கல்மாமா:
விதிப்புத்தகம், நீங்க பேசாம இருங்க. போன மாசம் சிஜிபிஏவை எல்லா இடத்துலயும் பத்தால பெருக்கினா பர்சன்டேஜ்னு சொல்லி என் அக்கா பையன் அப்ளிகேஷன்ல தப்பா போட வச்சீங்க. அவன் யூனிவர்சிட்டியில 0.75 கழிச்சிட்டு பெருக்கணும். அதுக்கு இன்னும் மன்னிப்பு வரல.

விதிப்புத்தகம்:
நான் "பல இடத்துல"ன்னுதான் எழுதினேன். "எல்லா இடத்துலயும்"னு எழுதல. திரி இன்னும் அங்கயேதான் இருக்கு, போய்ப் படிங்க.

மெக்கானிக்கல்மாமா:
படிச்சேன். பல இடம்ங்கிறது நீங்க பின்னாடி திருத்தினது.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
என் திரியில பர்சன்டேஜ் சண்டை வேண்டாம். வாத்தி, வித்ட்ராயலுக்கு இன்னும் பதில் வரல. நான் அடுத்த வாரமே டாக்டர் சர்டிபிகேட்டோட காலேஜ் ஆபீஸ்க்குப் போனேன். எழுதின பேப்பருக்கு வித்ட்ராயல் கிடையாது, மனு பரீட்சைக்கு முன்னாடியே வந்திருக்கணும்னு அனுப்பிட்டாங்க. உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சும் தைரியமா போய் உக்காந்தவனுக்கு நஷ்டம், வீட்லயே படுத்துக்கிட்டு முன்கூட்டி மனு போட்டவனுக்கு டிஸ்டிங்ஷன் பத்திரம். இதுதான் உங்க கதவா?

கறார்வாத்தி:
தைரியம்னு நீங்க சொல்றீங்க, அவசரம்னு நான் சொல்றேன். காய்ச்சலோட ஹாலுக்குப் போனது உங்க முடிவு. நான் படிக்கிறப்போ மேத்ஸ் பேப்பர் அன்னைக்கு எனக்கும் காய்ச்சல்தான். எழுதினேன். பாஸ் பண்ணேன். அதுக்குப் பேர்தான் முதல் அப்பியரன்ஸ்.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
அந்த மேத்ஸ் பேப்பர்தானே? ரெண்டு வருஷம் முன்னாடி இதே தளத்துல "மறுமதிப்பீட்டை நம்புங்க, எனக்கே மேத்ஸ்ல அதுலதான் பாஸ் வந்துது"ன்னு எழுதினது நீங்கதானே வாத்தி? முதல் ரிசல்ட்ல நீங்களும் ஃபெயில்!

கறார்வாத்தி:
மறுமதிப்பீடுங்கிறது நான் முதல் தடவை எழுதின அதே பேப்பர். ரெண்டாவது தடவை திருத்தினாங்க, ரெண்டாவது தடவை நான் எழுதல. திருத்தினவர் தப்புக்கு நான் பொறுப்பில்ல. ரெண்டையும் ஒண்ணா பேசுறது அறிவீனம்.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
திருத்தினவர் தப்புக்கு நீங்க பொறுப்பில்ல. அம்மைக்கு மட்டும் நான் பொறுப்பு. நல்லா இருக்கு சார்.

யாழ்த்தென்றல்:
இதில தம்பி கேக்கிறது நியாயம் எண்டுதான் எனக்குப் படுது.

கறார்வாத்தி:
அம்மா, உங்க ஊர்ல சி போடுவாங்கன்னா போடட்டும். இங்க முதல் தடவைன்னா முதல் தடவை. எங்க கிளாஸ்ல 62 பேர், டிஸ்டிங்ஷன் வாங்கினது நாலு பேர். அந்த நாலு பேர் எட்டு செமஸ்டரும் எப்படிப் படிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க பக்கத்துல இன்னொருத்தரை உக்கார வைக்க எனக்கு மனசு வராது.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தரா?

கறார்வாத்தி:
ஆமா. அதுல என்ன?

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். திருத்தினவர் அன்னைக்கு உங்க பேப்பரை ரெண்டாவது தடவை எடுத்துப் பாத்தார், என் பேப்பரை யாரும் பாக்கல, பாக்க அதுல பாதி ஷீட்தான் இருந்துது. எங்கம்மா கான்வகேஷன் அன்னைக்கு என் சர்டிபிகேட்டை வாங்கிப் பாத்துட்டு "பக்கத்து பையனுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை கூட இருக்கேடா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நான் முதல் அப்பியரன்ஸ்னா என்னன்னு சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்துது. நீங்க வந்து சொல்லுங்க சார். எழுத ஆரம்பிச்ச பேப்பருக்கு வித்ட்ராயல் எப்படிப் போடுறது?

கறார்வாத்தி:
போட முடியாது. அதனாலதான் யோசிச்சுட்டு ஹாலுக்குள்ள போகணும்னு சொல்றேன்.

மெக்கானிக்கல்மாமா:
யோசிச்சுட்டுப் போகணுமாம்! 18 வயசுப் பையன், முதல் செமஸ்டர், ஹாஸ்டல்ல தனியா, காய்ச்சல்ல யோசிக்கணும். விதிப்புத்தகம், அந்தப் பழைய திரியோட லிங்க்கை இங்க போடுங்க, நீங்க திருத்தினீங்களா இல்லையான்னு நாலு பேர் பாக்கட்டும்.

ஒன்பதுபுள்ளிஒண்ணு:
மாமா, லிங்க்கை அங்க போடச் சொல்லுங்க. வாத்தி, நீங்க போகாதீங்க, நான் இன்னும் முடிக்கல.